கொங்குச் சிற்றூர் ஆலயங்களின் மரக்கூரை: கட்டிய விதமும் கெடும் விதமும்

பழைய மர ஆலயம் என்றால் உலகம் காட்டுவது வட ஐரோப்பாவை. நார்வேயின் போர்குண்ட் ஆலயம் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. தூண், சுவர், கூரை, கூரைமேல் வேய்ந்த சில்லுப் பலகை என அத்தனையும் மரம். ரஷ்யாவின் கிழி தீவில் 1714-ல் கட்டிய உருமாற்ற ஆலயம் 37 மீட்டர் உயரமும் 22 குவிமாடங்களும் கொண்டது. அதுவும் மரத்தடிகளை அடுக்கி எழுப்பியதுதான். கொங்குச் சமவெளியில் இப்படி ஒரு மரபு கிடையாது. கருமத்தம்பட்டியிலிருந்து கொடிவேரி வரை, தாராபுரத்திலிருந்து சேலம் வரை, ஆலயத்தின் சுவர் கருங்கல்லாகவோ செங்கல்லாகவோ மண்ணாகவோ இருக்கும். மரம் தலைக்கு மேலேதான்.

காரணம் செல்லு, அதாவது கரையான். இறந்த மரத்தை மண்ணில் நட்டால் இரண்டு மூன்று மழைக்குள் உள்ளே கூடாகிவிடும். அதனால்தான் இந்தப் பக்கம் வேலிக்குக்கூட கிளுவையை உயிரோடு நடுவார்கள், இல்லாவிட்டால் கல்லுக்கால் நடுவார்கள். வேலிக்கே இந்த ஜாக்கிரதை என்றால், நூறு ஆண்டு நிற்க வேண்டிய ஆலயத்துக்கு மண்ணில் மரத்தூண் ஊன்ற எந்த ஆசாரி ஒப்புக்கொள்வார்?

வட ஐரோப்பியர்களும் இதே பாடத்தை வேறு எதிரியிடம் படித்தார்கள். நார்வேயில் முதலில் கட்டிய மர ஆலயங்களில் தூண்களை நேரே குழிதோண்டி நட்டார்கள். ஈரம் பிடித்து அடி அழுகியது. அடுத்த தலைமுறை ஆலயங்களில் கல் வரிசை போட்டு, அதன்மேல் படுக்கை உத்திரம் வைத்து, அந்த உத்திரத்தின்மேல் தூணை நிறுத்தினார்கள். இன்று அங்கே எஞ்சியிருக்கும் 28 ஆலயங்களும் அந்தப் பிற்கால முறையில் வந்தவை. கிழி ஆலயத்திலும் அடி வரிசைத் தடிகள்தான் மோசமாகப் போயின. கட்டடத்தை இரும்புச் சட்டத்தில் தாங்கிப் பிடித்து, வரிசை வரிசையாகக் கீழிருந்து பிரித்து, கெட்ட பகுதியை மட்டும் வெட்டி ஒட்டி, மறுபடி சேர்த்து 2020-ல் முடித்தார்கள்.

கொங்கில் அந்த அடி வரிசை சுவரின் உச்சிக்குப் போய்விட்டது. குறுக்கே கிடக்கும் உத்திரமும், கூரையின் சரிவுச் சட்டமான கைமரமும் சுவருக்குள் நுழையும் முக்கால் அடி, ஒரு அடி நீளம்தான் இங்குள்ள ஆலயக் கூரையின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. நடு உத்திரம் இரும்புபோல் நிற்கும். அதன் தலை மட்டும் சுவருக்குள் தவிடாகியிருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த ஒரு அடியைப் பற்றியது.

யார், எப்போது கட்டினார்கள்

கொங்கில் கத்தோலிக்கப் பணி 17-ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனின் இயேசு சபையினரோடு தொடங்கியது. சேலம், சத்தியமங்கலம் பகுதிகள் அதன் முதல் தளங்கள். மைசூர்ப் போர்களின் காலத்தில் பல சபைகள் சிதறின. புதுச்சேரியிலிருந்து கோயம்புத்தூர் மறைப்பகுதி 1846-ல் பிரிக்கப்பட்டு பாரிஸ் வேதபோதக சபைக் குருக்களிடம் வந்தது. 1886-ல் மறைமாவட்டம் ஆனது. சீர்திருத்தச் சபைகளில் லண்டன் மிஷன் 1827-ல் சேலத்திலும் 1830-ல் கோவையிலும் நிலையம் வைத்தது. இரண்டு தரப்பின் சிற்றூர் ஆலயங்களிலும் இன்று நாம் பார்க்கும் கட்டடங்கள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதி, 20-ஆம் நூற்றாண்டின் முன்பாதி. அதே இடத்தில் அதற்கு முன் இருந்தவை மண்சுவரும் ஓலைக்கூரையும். அவை தடமில்லாமல் போய்விட்டன.

கட்டடத்தின் வயதைக் கணிக்க முகப்பில் பொறித்த ஆண்டை மட்டும் நம்பக்கூடாது. அது அடிக்கல் ஆண்டாக இருக்கலாம், முகப்பை மட்டும் மாற்றிய ஆண்டாகவும் இருக்கலாம். இன்னொரு பொறி, ஓட்டில் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பேசல் மிஷன் 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. அதன் ஓடுகளில் 1865 என்ற எண் பொறித்திருக்கும். அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. ஓடு சுட்ட ஆண்டு அல்ல. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஆலயத்துக்கு நூற்றைம்பதாவது ஆண்டு விழா எடுக்கும் ஆர்வம் புரிகிறது, ஆனால் சான்றாகாது. மரமே நல்ல சாட்சி. உத்திரத்தில் எதற்கும் பயன்படாத துளையும் வெட்டும் இருந்தால் அது வேறொரு கட்டடத்திலிருந்து கழற்றி வந்த மரம். கைமரத்தில் வாய்ச்சியால் செதுக்கிய அலை அலையான தடம் இருந்தால் கைவேலை. நேரான, சீரான அறுவைக் கோடு இருந்தால் மரஅறுவை ஆலை வந்தபின் வாங்கியது.

மரத்தைக் கழற்றி மறுபடி வைப்பது ஏழை ஊர்களின் சிக்கனம் மட்டுமல்ல. உதகமண்டலம் புனித ஸ்தேவான் ஆலயமே அப்படித்தான். நீலகிரி அன்று கோவை மாவட்டத்தோடு இருந்தது. தனி மாவட்டமானது 1868-ல். சென்னை ஆளுநர் லஷிங்டன் 1829 ஏப்ரல் 23-ல் அடிக்கல் நாட்ட, கேப்டன் அண்டர்வுட் வரைந்து கட்டிய அந்த ஆலயத்தை கல்கத்தா ஆயர் டர்னர் 1830 நவம்பர் 5-ல் அர்ச்சித்தார். 1831 ஈஸ்டர் அன்று வழிபாட்டுக்குத் திறந்தது. அதன் பெரிய உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் லால் மஹால் அரண்மனையை இடித்து எடுத்த தேக்கு. போரின் வெற்றிச் சின்னமாக இதைப் பலர் சொல்வார்கள். மரவேலை பார்ப்பவருக்கு அதில் வேறொரு பொருள் இருக்கிறது. திப்பு மறைந்தது 1799-ல். அப்படியானால் ஊட்டிக்கு ஏறும்போது அந்த மரம் குறைந்தது முப்பது ஆண்டு உலர்ந்திருந்தது. அதன்பின் அது சுருங்கவோ முறுக்கவோ இடமில்லை. மலையின் ஈரக் குளிரில் பச்சைத் தேக்கை ஏற்றியிருந்தால் இணைப்புகள் எல்லாம் வாய் பிளந்திருக்கும்.

எந்த மரம்

சமவெளியில் காசு இருந்த ஆலயங்களுக்கு ஆனைமலைத் தேக்கு வந்தது. டாப்ஸ்லிப் என்ற பெயரே அங்கிருந்து தடிகளைச் சரிவில் விட்டதால் வந்ததுதான். கீழே வந்த தடியை மாட்டுவண்டி இழுத்தது. வண்டி இழுக்கக்கூடிய நீளம், ஒரே தடியில் கிடைக்கக்கூடிய நீளம், இந்த இரண்டும்தான் ஆலயத்தின் அகலத்தை முடிவு செய்தன. அதனால் பழைய சிற்றூர் ஆலயங்கள் பெரும்பாலும் 18 முதல் 24 அடி அகலத்துக்குள் அடங்கி, நீளத்தில் மட்டும் வளரும். சபை பெருகினால் பின்னால் இரண்டு கணம் (உத்திரத்துக்கு உத்திரம் உள்ள இடைவெளி) சேர்ப்பார்கள், அல்லது பக்கவாட்டில் தாழ்வாரம் இறக்குவார்கள். அகலப்படுத்த வேண்டுமென்றால் உள்ளே தூண் வரிசை வேண்டும். அது வேறு கட்டடம்.

காசு குறைந்த ஊர்களில் கைமரம் பனை. வைரம் பாய்ந்த முதிர்ந்த பனையை நெடுக்காகப் பிளந்து, உள்ளிருக்கும் சோற்றை வழித்துவிட்டு, கருத்த ஓரத்தை மட்டும் எடுப்பார்கள். இளம்பனையில் அந்தக் கருப்பு ஒரு விரல் கனம்கூட இருக்காது. போட்டால் பத்து ஆண்டில் தொய்யும். பனைச் சட்டத்தின் வைரப் பகுதியைச் செல்லு எளிதில் தொடாது, ஆனால் வழிக்காமல் விட்ட சோறு அதற்கு விருந்து. தேக்கிலும் இதே கதைதான். நடுவில் இருக்கும் வைரத்தைச் செல்லு ஒதுக்கும், ஓரத்து வெள்ளையைத் தின்னும். பழைய உத்திரத்தின் ஒரு மூலை மட்டும் அரிக்கப்பட்டு மற்றது கெட்டியாக இருந்தால் பதற வேண்டாம். ஆசாரி வெள்ளையோடு அறுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்த மூலையைச் செதுக்கிவிட்டு மிச்சக் கனம் போதுமா என்று பார்த்தால் போதும். கதவு நிலைக்கு வேம்பும், ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டமான ரீப்பருக்கு வேங்கையும் கிடைத்த காட்டு மரமும் பயன்பட்டன.

பார்க்க ஒன்று, வேலை நேர் எதிர்

சரிவுக் கூரை உள்ள ஆலயங்களில் இரண்டு வகை இருக்கின்றன. கீழே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றேபோல் தெரியும்: குறுக்கே ஓர் உத்திரம், அதன் நடுவில் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் கூரை உச்சி நெடுக ஓடும் மோட்டுச் சட்டம், இரண்டு பக்கமும் சரிந்த கைமரங்கள்.

முதல் வகை ஊர் ஆசாரியின் முறை, வீடுகளிலும் இருப்பது. இதில் மோட்டின் பாரம் கம்பத்தின் வழியாக இறங்கி உத்திரத்தின் நடுவில் உட்காரும். உத்திரம் வளைந்து தாங்கும். அதனால் உத்திரம் தடியாக இருக்கும், முக்கால் அடி, ஓரடி ஆழம்கூட.

இரண்டாவது வகை மிஷன் பொறியாளர்களும் பொதுப்பணித் துறையும் கொண்டுவந்த முக்கோணச் சட்டம். ஆசாரிகள் கிங் போஸ்ட் டிரஸ் என்பார்கள். இதில் நடுக்கம்பம் உத்திரத்தை அழுத்துவதில்லை. மேலிருந்து தொங்கிக்கொண்டு உத்திரத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. இரண்டு முதன்மைக் கைகள் உச்சியில் கம்பத்தின் தலையை நெருக்கிப் பிடிக்கின்றன. கம்பத்தின் அடியிலிருந்து இரண்டு முட்டுக்கட்டைகள் சாய்வாகப் போய் அந்தக் கைகளின் நடுவைத் தாங்குகின்றன. உத்திரத்தின் முக்கிய வேலை வளைவது அல்ல. கைகள் இரண்டும் சுவரை வெளியே தள்ளாதபடி கயிறு மாதிரி இழுத்துக் கட்டுவது. ஆகவே மெல்லிய உத்திரமே போதும். 16 முதல் 26 அடி அகலம் வரை இந்த வடிவம் சரி. அதைத் தாண்டினால் இரண்டு கம்பம் வைத்த வடிவுக்குப் போவார்கள்.

அடையாளம் காண கம்பத்தின் அடியைப் பாருங்கள். உத்திரத்தைச் சுற்றி வந்து கம்பத்தில் பிடித்த இரும்புப் பட்டை இருந்தால், பக்கத்தில் சாய்ந்த முட்டுக்கட்டைகளும் இருந்தால், அது தொங்கும் கம்பம். பட்டையின் துளையில் ஓர் ஆப்பு இருக்கும். மரம் சுருங்கினால் அதைத் தட்டி இறுக்கலாம். நல்ல வேலையில் கம்பத்தின் அடிக்கும் உத்திரத்துக்கும் இடையே விரல் கனத்தில் ஒரு சந்து விட்டிருப்பார்கள். அது பிழையல்ல. உத்திரம் இறங்கினால் பட்டை இழுத்துப் பிடிக்க இடம் வேண்டும். பழுதுபார்க்க வரும் ஆட்கள் அந்தச் சந்தைப் பார்த்து ‘கம்பம் தூக்கிக்கிச்சு’ என்று பலகைத் துண்டை அடித்து இறுக்கி, துருப்பிடித்த பட்டையையும் அறுத்து எறிந்துவிடுவார்கள். அன்றிலிருந்து மெல்லிய உத்திரம் முதல் வகையின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் நடுவில் தொய்ந்துவிடும்; மரம் பழசு என்று பழி மரத்தின் மேல் விழும்.

அதே காரணத்துக்காக இந்த உத்திரத்தின் நடுவே மின்விசிறி வரிசை, ஒலிபெருக்கிப் பெட்டி, ஜிப்சம் கூரைத்தட்டு ஆகியவற்றைத் தொங்கவிடக் கூடாது. கட்டாயம் என்றால் கம்பத்துக்கு நேர் கீழேயோ சுவரை ஒட்டியோ மாட்டலாம். ஜிப்சம் தட்டு இன்னொரு வகையிலும் கேடு. ஒழுகல் கீழே சொட்டுவதற்குள் மேலே இரண்டு மழைக்காலம் போயிருக்கும்.

சரிவுக் கூரை இல்லாமல் மெட்ராஸ் டெரஸ் என்ற தட்டைக் கூரை போட்ட ஆலயங்களும் உண்டு. பெரிய உத்திரங்களின்மேல் ஒன்றரை அடிக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டம், அதன்மேல் சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்பில் குத்துவாட்டாக மூலைவாட்டத்தில் ஒட்டி, மேலே மூன்று அங்குலம் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டு மரக்கட்டையால் நாள்கணக்காகத் தட்டி, தட்டையான ஓடு பதிப்பார்கள். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் அந்தத் தட்டலின்போது தெளிப்பது. இதில் பாரம் அதிகம், சரிவு குறைவு. நீர்போகும் வாயில் அரசங்கன்று ஒன்று முளைத்தால் போதும், தேங்கிய தண்ணீர் நேரே சட்டத்தின் தலைக்கு இறங்கும்.

ஓடும் காற்றும்

மெட்ராஸிலிருந்து வரும் ரயில் பாதை 1862-ல் போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையின் பேப்பூரைத் தொட்டது. மேற்குக் கரையில் சுடும் மங்களூர் ஓடு பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து கொங்குக்குள் வர அதுவே வழி திறந்தது. அதற்கு முன் குயவர் சுட்ட நாட்டு ஓடு. அது எடை அதிகம், ஆண்டுதோறும் மாற்றி அடுக்க வேண்டும், குரங்கு ஏறினால் முடிந்தது. மங்களூர் ஓடு ஒன்றோடொன்று கொக்கி போட்டு உட்காரும். சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு, ஒன்று இரண்டரைக் கிலோ அளவில். ரீப்பர் இடைவெளி ஓட்டின் கொக்கிக்கு ஏற்பப் பன்னிரண்டரை அங்குலம் சுமார். வாங்கப்போகும் ஓட்டை வைத்துப் பார்க்காமல் ரீப்பர் அடிக்கக் கூடாது. ஏற்றம், இரண்டடிக்கு ஓரடி என்பதற்குக் குறையக் கூடாது. குறைந்தால் அடைமழையில் தண்ணீர் கொக்கியைத் தாண்டிப் பின்னுக்கு ஏறும்.

20 அடி அகலம், 60 அடி நீளம், இரண்டு பக்கமும் சுவருக்கு வெளியே நீளும் இரண்டடி எரவானம் என்று வைத்துக்கொண்டால் ஓட்டுப் பரப்பு ஏறத்தாழ 150 சதுர மீட்டர். ஓடு 2,200 அளவில். எடை ஐந்தரை டன். பத்தடிக்கு ஒரு முக்கோணச் சட்டம் என்றால் ஒவ்வொன்றின் மேலும் மரத்தோடு சேர்த்து ஒரு டன்னுக்குச் சற்று மேல். உத்திரத்தின் தலை சுவருக்குள் தவிடானால் இழுத்துக் கட்டும் வேலை நின்றுபோகும். அப்போது இந்த ஏற்றத்தில் ஒவ்வொரு கையும் சுவரின் உச்சியை அரை டன்னுக்கு மேல் வெளியே தள்ளும். மண்சாந்தில் கட்டிய சுவர் அதைத் தாங்காது. நீளச்சுவரின் உச்சியில் படுக்கையாக ஓடும் விரிசல், சன்னல் மேல்வளைவின் நடுவில் பிளவு, மோட்டு வரி நடுவில் இறங்கித் தெரிவது ஆகியவை அதன் அறிகுறிகள். விரிசலுக்குச் சிமென்ட் பூசுவது நோய்க்கு மருந்தாகாது.

அடுத்தது காற்று. கொங்குக்கு மழை குறைவு. கோவையில் ஆண்டுக்கு 700 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் பெய்யும். ஆனால் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் மேல்காற்று கடுமையானது. பழைய மரபில் பீடம் கிழக்கே, தலைவாசல் மேற்கே. அந்த மரபைப் பிடித்த ஆலயத்தின் வாசல் நேரே காற்றின் வாயில் நிற்கிறது. வாசல் திறந்திருக்க, மற்ற சன்னல்கள் மூடியிருந்தால் காற்று உள்ளே அடைந்து கூரையைக் கீழிருந்து தூக்கும். மேலே ஓடும் காற்று உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் மோட்டோரத்து ஓடு முதலில் பறக்கும். அதனால் மேற்கு ஓரத்திலும் எரவானத்திலும் இரண்டு வரிசை ஓட்டைக் கம்பியால் ரீப்பரோடு கட்டுவது, மோட்டு ஓட்டைச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பது, ஆடியில் வாசலைச் சாத்திக் கிழக்குப் பக்கம் திறந்துவைப்பது ஆகிய மூன்றும் ஆலயக் காவலரின் வேலைப்பட்டியலில் இருக்க வேண்டியவை.

ஓட்டை இறக்கிவிட்டுத் தகரம் போடுபவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தகரம் சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ. ஐந்தரை டன் இருந்த இடத்தில் முக்கால் டன் கூட இல்லை. பழைய கூரை தன் பாரத்தாலேயே சுவரில் உட்கார்ந்திருந்தது. அதைக் கீழே கட்டிப்பிடிக்க எதுவும் கிடையாது. தகரம் போட்டே ஆக வேண்டுமானால் ஒவ்வொரு முக்கோணத்தின் இரண்டு காலையும் நாலடி ஆழத்துக்குச் சுவருக்குள் இறங்கும் இரும்புக் கம்பியால் பிணைத்தாக வேண்டும்.

தலை ஏன் கெடுகிறது

பழைய கொத்தனார் உத்திரத்தின் தலையை ஒரு கல்தட்டின் மேல் வைத்தார். பக்கத்திலும் பின்னாலும் ஒரு விரல் சந்து விட்டார். சாந்து, சுக்கான்கல்லைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு. சுவர் நனைந்தால் சுண்ணாம்பு வழியாகவே காய்ந்தும் விடும். மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபதுக்குக் கீழே நின்றால் பூஞ்சை பிடிக்காது. காற்றோடும் தலையில் ஈரம் அந்த அளவை எட்டுவதில்லை.

மதுக்கரையில் 1934-ல் சிமென்ட் ஆலை வந்தது. அடுத்த தலைமுறையில் சிமென்ட் மலிவான, கிட்டத்துப் பொருளாயிற்று. சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடமெல்லாம் சிமென்ட் பூசினார்கள். அணில் நுழைகிறது என்று உத்திரச் சந்தை அடைத்தார்கள். இப்போது சுவருக்குள் போன தண்ணீர் வெளியேற வழியில்லை. கிடைத்த ஒரே உறிஞ்சி மரத்தின் தலை. அதற்கு மேல் எனாமல் பெயின்ட். இந்த மூன்றும் சேர்ந்த ஆலயத்தில் மேற்குச் சுவரின் உத்திரத்தலைகள் கெடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஈரமான மரம் செல்லுக்கும் பிடிக்கும். அது மண்ணிலிருந்து சுவரின் உள்ளே விரிசல் வழியாகவே ஏறும்; வெளியே மண்குழாய் தெரிய வேண்டும் என்பதில்லை.

கெடுதி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். செல்லு தின்ற மரத்தில் மண் இருக்கும். மரம் துளைக்கும் வண்டான உளு தின்றதில் குண்டூசித் துளையும் கீழே மாவு போன்ற பொடியும் இருக்கும்; பொடி புதுசாக விழுகிறதா என்று தெரிய அடியில் கருப்புத் தாள் விரித்து ஒரு வாரம் வைக்கலாம். விழவில்லை என்றால் பழைய கதை, மருந்து வீண். பூஞ்சை பிடித்த மரம் கட்டம் கட்டமாக வெடித்து, கையால் நசுக்கினால் பொடியாகும்.

சோதனைக்குப் பெரிய கருவி வேண்டாம். ஏணி, டார்ச், சுத்தியல், கூர்மையான ஸ்குரூ டிரைவர், நூல்குண்டு, நீண்ட நூல். உத்திரத்தை நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போனால் கணீரென்ற ஒலி ஓர் இடத்தில் மங்கும். அங்கே ஸ்குரூ டிரைவரைக் கையால் அழுத்தினால் கால் அங்குலத்துக்கு மேல் இறங்கக் கூடாது. உத்திரத்தின் இரு நுனியிலும் நூல் பிடித்து நடுத் தொய்வை அளக்கலாம்; 20 அடிக்கு ஓர் அங்குலம் வரை பழைய மரத்தில் இருக்கும், இரண்டு அங்குலம் என்றால் காரணம் தேட வேண்டும். சுவரின் உள்பக்கம் நூல்குண்டு விட்டு உச்சிக்கும் அடிக்கும் வித்தியாசம் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு முறை அதே இடத்தில் அளந்தால் சுவர் நகர்கிறதா, முன்பே நகர்ந்து நின்றுவிட்டதா என்பது தெரியும். நின்றுவிட்ட சாய்வுக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. கடைசியாகச் சுவருக்குள் இருக்கும் தலை. உத்திரத்தின் அடியில் சுவரை ஒட்டி, ஆறு மில்லி துரப்பணத்தால் சாய்வாக உள்ளே துளையிட்டு வரும் தூளைப் பார்க்க வேண்டும். மஞ்சள் நிறச் சுருளாக வந்தால் நல்ல தேக்கு. கருத்த ஈரமாவாக வந்தால் வேலை வந்துவிட்டது.

பழுதுபார்க்கும்போது

முழு உத்திரத்தையும் மாற்றுவது கடைசி வழி. பெரும்பாலும் கெட்டது இரண்டடிதான். முதலில் உத்திரத்துக்குக் கீழே, சுவரிலிருந்து மூன்றடி உள்ளே முட்டுக் கொடுத்து ஜாக்கியால் பாரத்தை வாங்க வேண்டும். தூக்கக் கூடாது, வாங்கினால் போதும். கால் அங்குலம் அதிகமாகத் தூக்கினால் மோட்டில் இணைப்பு விட்டுவிடும். ஓடு இறக்கும்போது இரண்டு சரிவிலும் சம அளவில், மோட்டிலிருந்து கீழ்நோக்கி இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் முக்கோணம் மறுபக்கம் சாயும். இந்த ஒரு தவறால் நல்ல கூரைகளே விழுந்திருக்கின்றன.

கெட்ட பகுதியைத் தாண்டி ஓரடி நல்ல மரத்தையும் சேர்த்து வெட்ட வேண்டும். பூஞ்சையின் நூல் கண்ணுக்குத் தெரிவதைவிட உள்ளே போயிருக்கும். புதுத் துண்டு அதே மரமாக, நன்கு உலர்ந்ததாக இருக்கட்டும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் வாங்கிய தேக்கே சிறந்தது. இணைப்பு சாய்வெட்டாக, உத்திர ஆழத்தைப்போல் நாலு முதல் ஆறு மடங்கு நீளத்தில் அமைத்து, துருப்பிடிக்காத போல்ட் நாலு முடுக்கினால் இழுவிசைக்குத் தாங்கும். எட்டு அங்குல ஆழ உத்திரத்துக்கு இணைப்பு மூன்று, நாலடி வரும். அவ்வளவு நீளம் வெட்ட மனமில்லாத இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து முடுக்குவதும் உண்டு. அழகில்லை, ஆனால் பழைய மரம் அதிகம் மிஞ்சும். தலைக்கு அடியில் கல்தட்டு, அதன்மேல் ஒரு செப்புத் தகடு, மூன்று பக்கமும் ஓர் அங்குலச் சந்து, வாயில் கம்பிவலை. சுற்றிலும் பூசுவது சுண்ணாம்பு மட்டும்.

மருந்து இரண்டாம் பட்சம். உள்ளே மழைபடாத மரத்துக்குப் போரிக் அமிலம் ஒரு பங்கு, வெண்காரம் ஒன்றரைப் பங்கு கலந்து, நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ வீதம் கரைத்து, பெயின்ட் சுரண்டிய மரத்தில் இரண்டு மூன்று கை அடிக்கலாம். அது தண்ணீரில் கரைந்துபோகும். ஆகவே எரவானத்து நுனிக்கு உதவாது. அங்கே முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது பழைய வழக்கம், இன்றும் தோற்கவில்லை. செல்லுக்குத் தரையும் சுவரும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒன்றாக 12 மில்லி துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வீதம் கரைசல் ஊற்றுவார்கள். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதப் பூச்சிமருந்து என்றால் லிட்டருக்கு 2.1 மில்லி. ஆலயத்துக் கிணறு அருகில் இருந்தால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தியை அகற்றினாலே பாதி வேலை முடியும்.

காலம், தைப்பொங்கல் கழிந்து வைகாசிக்குள். மரம் அப்போதுதான் உலர்ந்திருக்கும், ஆடிக்காற்றுக்கு முன் மோடு பதிந்துவிட வேண்டும். தவக்காலம் நடுவில் வரும். குருத்தோலை ஞாயிற்றுக்குள் முட்டுகளை எடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தக்காரரை விரட்டும் சபைகளில்தான் சாந்து இறுகும் முன்பே பாரம் ஏறுகிறது. சுண்ணாம்புச் சாந்துக்கு மூன்று வாரமாவது விட வேண்டும். ஓடு வாங்கும்போது நூற்றுக்குப் பத்து கூடுதலாக எடுத்துப் பின்கட்டில் அடுக்கிவைக்கலாம். அளவும் கொக்கியும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும், பத்து ஆண்டு கழித்து அதே ஓடு கிடைக்காது. ஐப்பசி முதல் மழையன்று யாராவது ஒருவர் உள்ளே டார்ச்சோடு நின்று, நனையும் உத்திரத்தலைகளுக்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் குறித்துவைத்தால் அடுத்த தையில் ஆசாரிக்கு எங்கே ஏணி போடுவது என்று தேட வேண்டியிருக்காது.